தோட்டத்து ரயிலுக்கு ஒரு பாட்டரி டெண்டர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு மாதம் முன்பு சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க வேலை சம்பந்தமா இருபது நிமிஷம் பேசுங்களேன்" என்றார். என் வேலை, தொழிற்சாலைகளுக்கு மோட்டார் கண்ட்ரோல் பேனல் வடிவமைப்பது. அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசினால் பசி போய்விடும், பின்னால் பேசினால் தூக்கம் வந்துவிடும். "ஒரு பொம்மை ரயிலைப் பத்திப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். சற்று மௌனம். பிறகு, "அதுல மோட்டார் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி."

பொம்மை ரயில் என்றதும் கட்டிலுக்கடியில் ஓடுகிற ரகத்தை நினைத்துவிடாதீர்கள். இது தோட்டத்து ரயில். மண்ணில் ஜல்லி பரப்பி, நிரந்தரமாகப் போட்ட பாதையில், வெயிலிலும் மழையிலும் கிடக்கிற தண்டவாளத்தில் ஓடுவது. ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்து லேமான் கம்பெனி 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் இந்த வகையை விற்க ஆரம்பித்தது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். அளவு, நிஜத்தில் 22.5-ல் ஒரு பங்கு. மாணவர்கள் மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள்: ஆயிரத்தை 22.5-ஆல் வகுத்தால் 44.4. அதாவது இது மீட்டர் கேஜ் ரயிலின் மாதிரி! செய்தவர்கள் ஐரோப்பிய மலை ரயில்களை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் மீட்டர் கேஜ் என்றால் மாம்பலத்தில் வளர்ந்தவனுக்கு வேறு ஞாபகம் வரும். பீச் - தாம்பரம் லைனில் 2004 வரை மீட்டர் கேஜ் மின்சார வண்டிதான் ஓடியது. நான் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். அந்த லைன் இந்தக் கதைக்குள் திரும்ப வரப்போகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ரயில் என்னுடையது அல்ல, என் பெரியப்பாவுடையது. எண்பதுகளில் வேலை நிமித்தம் ஜெர்மனி போனவர், திரும்பி வரும்போது மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த காலத்தில், இரண்டு பெட்டி நிறைய ரயில் கொண்டு வந்தார். பெரியம்மா அதை அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை. நாலு சக்கரச் சின்ன நீராவி எஞ்சின் ஒன்று, பயணிகள் பெட்டி மூன்று, மூடிய சரக்கு வண்டி ஒன்று. அடையாறில், ஆற்றை ஒட்டிய தெருவில் வீடு. பின்பக்கம் மாமரத்தைச் சுற்றிச் சுமார் நாற்பது மீட்டர் பாதை போட்டார். கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் கிடப்போம். நான் எலக்ட்ரிகல் எடுத்ததற்குக் காரணம் கேட்டால், அந்த மாமரத்தைத்தான் காட்டுவேன்.

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு ஆறு வீட்டுக்குள் வந்தது. ரயில் மாடியில் இருந்ததால் தப்பியது. வராந்தாவில் இருந்த டிரான்ஸ்பார்மரும் கண்ட்ரோலரும் போயின. பாதையின் மேல் அரையடி சேறு. சில துண்டுகள் கிடைக்கவே இல்லை. அப்போது பெரியப்பாவுக்கு எழுபது. சேற்றை எடுத்துவிட்டார், புது டிரான்ஸ்பார்மரும் வாங்கினார். ஆனால் வண்டி பத்தடி போகும், நிற்கும். குனிந்து தட்டினால் மறுபடி பத்தடி. முட்டி வலி வந்த மனுஷர் எத்தனை தடவை குனிவார்? வண்டி மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது.

ஏன் நிற்கிறது என்பதுதான் எஞ்சினியரிங். இந்த ரயிலில் இரண்டு தண்டவாளமும்தான் இரண்டு கம்பி. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் நேர்மின்சாரம், சுமார் 20 வோல்ட் வரை, ஒரு தண்டவாளத்தில் போய், சக்கரம் வழியாக மோட்டாருக்குள் ஏறி, எதிர்ச் சக்கரம் வழியாக இறங்கி, அடுத்த தண்டவாளத்தில் திரும்புகிறது. வேகம் கூட்ட வோல்டேஜைக் கூட்டு. பின்னால் போக துருவத்தை மாற்று. வரவேற்பறையில் இது அழகான ஏற்பாடு. தோட்டத்தில், அதுவும் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில்? தண்டவாளம் பித்தளை. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அதன்மேல் கறுப்பாக ஒரு படலம் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. இணைப்புத் தகடுகளுக்குள்ளும் இதே கதை. நாற்பது மீட்டரில் எத்தனை இணைப்பு! சப்ளை கொடுக்கிற இடத்தில் 18 வோல்ட் இருந்தால், மாமரத்துக்குப் பின்னால் மீட்டரில் 11 காட்டியது. இதற்குமேல் மாம்பிசின், வேப்பம்பூ, அணில் போட்ட கொட்டை, மரவட்டை. ஓட்டுவதற்கு அரை மணி என்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒரு மணி.

தரைமட்டத்தில் மின்சாரம் வேண்டாம் என்பதை நிஜ ரயில்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டேயில் 1881-ல் சீமென்ஸ் ஓட்டிய மின்சார டிராம், நம் பொம்மை ரயில் மாதிரியே, ஓடுகிற தண்டவாளத்திலேயே மின்சாரம் எடுத்தது. தெருவைக் கடக்கிற குதிரைக்கு ஷாக்! கடைசியில் கம்பி தலைக்கு மேல் போயிற்று. நம் ஊரிலேயே 1895-ல் மின்சார டிராம் வந்தபோது, கம்பியைச் சாலைக்கடியில் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் ஓட்டினார்கள். சென்னை மழையும் பள்ளமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் தலைக்கு மேல் கம்பிக்கு மாறி, 1953-ல் டிராமே நிற்கிற வரை அப்படித்தான் ஓடியது.

தோட்டத்தில் தலைக்கு மேல் கம்பி கட்டலாம். கட்டுகிறவர்களும் உண்டு. மாமரத்தடியில் அது ஒரு வாரம் தாங்காது. ஆகவே மின்சாரத்தை வண்டியிலேயே ஏற்றிவிட்டு, தண்டவாளத்தை வெறும் வழியாக மட்டும் வைத்துக்கொள்வோம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். பாட்டரி, ரேடியோ கண்ட்ரோல்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "எஞ்சினை அறுக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது. எனக்கப்புறம் எவனாவது பழையபடி ஓட்டணும்னா ஓட்டணும்."

நியாயமான நிபந்தனை, ஆனால் கஷ்டமான நிபந்தனை. எஞ்சின் இருபது சென்டிமீட்டர் சொச்சம் நீளம். உள்ளே மோட்டாரும், சக்கரம் வழுக்காமல் இருக்க ஓர் இரும்புக் கட்டியும். அந்தக் கட்டியை எடுத்துவிட்டு பாட்டரி வைப்பதுதான் வெளிநாடுகளில் பலரும் செய்வது. அப்படியும் கொதிகலனுக்குள் விரல் பருமன் செல்தான் போகும். அதைக் கோணல்மாணலாகத் திணித்து, கடைசியில் எங்கேயாவது ஓர் ஓட்டை போட்டுத்தான் ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

இரண்டு நாள் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தேன். பெரியப்பா காப்பி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தாம்பரம் லைன்ல எப்படிப் பண்ணான்னு தெரியுமோ உனக்கு?" என்றார்.

அந்த லைன் 1931-ல் மின்மயமானது. அப்போது சவுத் இந்தியன் ரயில்வே. 1,500 வோல்ட் நேர்மின்சாரம், மீட்டர் கேஜ். 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எல்லாம் அறுபதுகளில் வந்தது. யூனிட் வண்டிகளோடு கூட, சரக்கு இழுக்க சில மின்சார எஞ்சின்களும் இங்கிலாந்தில் செய்து கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் அவற்றுக்கு ஒய்.சி.ஜி.-1 என்று வகைப் பெயர். சிக்கல் என்னவென்றால், மெயின் லைனில் மேலே கம்பி இருக்கிறது, யார்டில் சைடிங்குகளில் இல்லை. சரக்கு வண்டி நிற்பதோ அங்கேதான். இதற்காக இன்னொரு நீராவி எஞ்சினை வைத்துக்கொண்டிருப்பார்களா? நீராவி எஞ்சின் பின்னால் கரி டெண்டர் இழுத்துப் போகிற மாதிரி, மின்சார எஞ்சினோடு ஒரு பாட்டரி டெண்டரை இணைத்தார்கள். கம்பி இல்லாத இடத்தில் டெண்டரிலிருந்து மின்சாரம். நம் கோடம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த சமாச்சாரம் இது!

பாட்டரியால் ரயில் ஓட்டுவது அதற்கும் மிகப் பழையது. ராபர்ட் டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1842-லேயே பாட்டரி எஞ்சினை நிஜத் தண்டவாளத்தில் மணிக்கு நாலு மைல் வேகத்தில் ஓட்டிக்காட்டினார். ஆனால் எனக்கு வேண்டிய விடை டேவிட்சனிடம் இல்லை, தாம்பரத்தில் இருந்தது. எஞ்சினைத் தொடாதே, பின்னால் ஒரு வண்டி கட்டு.

பெரியப்பாவிடம் மூடிய சரக்கு வண்டி ஒன்று இருந்தது என்று சொன்னேன் அல்லவா? கூரையைக் கழற்றினால் உள்ளே வேண்டிய இடம். பாட்டரி, வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, ரேடியோ ரிசீவர், பியூஸ், ஸ்விட்ச் எல்லாம் அதற்குள்ளேயே. எஞ்சினுக்குப் போவது இரண்டே இரண்டு ஒயர், நடுவில் ஒரு பிளக். மோட்டார் பெட்டியின் மேல் நான்கு ஊசிகள் இருந்தன: இரண்டு சக்கரங்களிலிருந்து வருபவை, இரண்டு மோட்டாருக்குப் போகிறவை. சக்கரத்து இணைப்பை உருவி, அதன்மேல் ஸ்லீவ் போட்டு மூடிவிட்டேன். டெண்டர் ஒயர் நேராக மோட்டார் ஊசிக்கு. எஞ்சினில் ஒரு ஸ்குரூ கூடப் புதிதாக இல்லை.

சக்கரத்து இணைப்பை எடுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு மாணவர் கண்ணில் கேள்வி தெரிகிறது. பாட்டரியின் மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கும். பாதை வளைந்து வந்து தன்னோடு தானே சேருகிற லூப் இருந்தால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொடும், அங்கேயே ஷார்ட். யாராவது பழைய டிரான்ஸ்பார்மரையும் ஆன் செய்துவிட்டால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை புகைந்துவிடும். இந்தப் பிரிப்புதான் மொத்த வேலையின் அஸ்திவாரம். இது ஆனபிறகு அதே லூப்பை எந்த ஒயரிங் தந்திரமும் இல்லாமல் போடலாம், அது தனி லாபம்.

பாட்டரி வாங்குவதற்கு முன் அளந்தேன். மாணவர்களுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: முதலில் அம்மீட்டர், பிறகு ரிச்சி ஸ்ட்ரீட். 12 வோல்ட் கொடுத்தபோது எஞ்சின் தனியாக 0.3 ஆம்பியர் எடுத்தது. எல்லா வண்டியும் கட்டி, மாமரத்து மேட்டில் ஏறும்போது 0.9. சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால், கண நேரம்தான் பிடிக்க வேண்டும், 3-க்குக் கொஞ்சம் கீழே. இந்த மூன்று எண்தான் மற்றதை எல்லாம் தீர்மானிக்கிறது. பத்து ஆம்பியர் பலகை தாராளம், பியூஸ் 4 ஆம்பியர், சராசரி ஓட்டம் 0.7 என்று வைத்துக்கொண்டால் 3 ஆம்பியர்-மணி பாட்டரி போதும்.

எந்த பாட்டரி? லேப்டாப்பிலும் போனிலும் இருக்கிற லித்தியம் அயான் செல் எடையில் சின்னது, 3.6 வோல்ட். நான் எடுத்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட், செல்லுக்கு 3.2 வோல்ட். கொஞ்சம் பருமன், கொஞ்சம் கனம். ஆனால் சூட்டில் கட்டுக்கடங்காமல் போகிற சுபாவம் இதற்கு மிகக் குறைவு. மே மாத வெயிலில் மூடிய பிளாஸ்டிக் வண்டிக்குள் இருக்கப்போகிற பாட்டரி. வீட்டில் எழுபதைத் தாண்டிய இரண்டு பேர் மட்டும். இடம் இருக்கும்போது எதற்கு ரிஸ்க்? 26 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளமுள்ள செல் நான்கைத் தொடராகச் சேர்த்தேன். மொத்தம் 12.8 வோல்ட். நாலு செல்லும் சமமாக ஏறவும், அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்கவும் ஒரு பாதுகாப்புப் பலகை. சார்ஜ் செய்யும்போது வண்டியை உள்ளே எடுத்து வந்து, கூரையைத் திறந்து, தரை டைல்ஸ் மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். வெயிலில் கொதித்து வந்த உடனே போடக் கூடாது. இந்த விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, வண்டியின் உள்பக்கமே ஒட்டியிருக்கிறேன். 12.8 வோல்ட்டில் பழைய முழு வேகம் வராது. கிளை லைன் பாசஞ்சருக்கு எதற்கு எக்ஸ்பிரஸ் வேகம்?

ரேடியோ விஷயத்தில் இன்றைய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005 முதல் இந்தியாவில் தனி லைசென்ஸ் வேண்டாம். டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரு தடவை ஜோடி சேர்ந்துவிட்டால், பக்கத்து வீட்டு வை-பையோ, வேறொரு பொம்மைக் காரோ குறுக்கே வராது. இந்த அலைக்குப் பிடிக்காதது தண்ணீர். ஈர இலை அடர்ந்த செடிக்குப் பின்னால் வீச்சு குறையும். அதனால் ஏரியலைத் தரையோடு படுக்க விடாமல், வண்டியின் ஓர் மூலையில் கூரையை ஒட்டி நிமிர்த்தி வைத்தேன்.

சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்யும் என்பது இன்னொரு முக்கியமான கேள்வி. சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். விமானத்துக்கு அது சரியாக இருக்கலாம், ரயிலுக்கு வேண்டாம். சிக்னல் போனால் நில் என்று அமைத்துவிட்டு, எஞ்சினை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுழலும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தேன். ஒரு விநாடிக்குள் நின்றது. அதன் பிறகுதான் தரையில் இறக்கினேன்.

இதுவரைக்கும் புத்தகத்தில் உள்ளது. புத்தகத்தில் இல்லாதது பெரியப்பாவின் கை. கடையில் கிடைக்கிற கார் ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும்; விசையை விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ரயில் ஓட்டுகிறவர் பத்து நிமிஷம் விசையை அழுத்திக்கொண்டே நிற்க முடியுமா? அதுவும் விரல் லேசாக நடுங்குகிறவர்? நடுங்குகிற விரலுக்கு ஏற்ப ரயிலும் உதறும். ஆகவே, வைத்த இடத்தில் நிற்கிற திருகு உள்ள டிரான்ஸ்மிட்டராகத் தேடி வாங்கினேன். நடுவில் வைத்தால் நிற்கும், வலது பக்கம் முன்னால், இடது பக்கம் பின்னால். நடு இடத்தில் ஒரு சின்ன 'டக்'. திருகு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. அதன்மேல் ஊறுகாய் பாட்டில் மூடியை ஒட்டினேன். வேகக் கட்டுப்பாட்டுப் பலகையிலும், முன்னும் பின்னும் நேராகப் போகிற ரகமாகப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. ரேஸ் கார் பலகையில் பின்னால் போக இரண்டு தடவை இழுக்க வேண்டும், முதல் தடவை பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். கட்டளை மாறினாலும் வேகம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும்படி டிரான்ஸ்மிட்டரிலேயே அமைத்துவிட்டதால் கை நடுக்கம் சக்கரம் வரை போவதில்லை. என் ஆபீசில் பெரிய மோட்டாருக்குச் செய்கிற அதே வேலைதான் இது.

வெள்ளத்தில் போன பாதைத் துண்டுகளுக்குப் பதில் பித்தளை வாங்கவில்லை. தண்டவாளம் இனி மின்சாரம் கடத்த வேண்டாம் அல்லவா? 10-க்கு 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டையை, தேக்கு ரீப்பரில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் அறுத்து, நிமிர்த்திப் பதித்தேன். பழைய தண்டவாளத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது; இணைப்பில் கொஞ்சம் அரம் போட்டதும் வண்டி தடுக்காமல் ஏறியது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு, முன்பு என்றால் பெரிய தலைவலி. இப்போது அது இருந்தால் என்ன, போனால் என்ன! பாட்டரி, ரேடியோ, பட்டை எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

போன அக்டோபரில், முந்தின நாள் பெய்த மழையில் பாதை பூராவும் ஈரம், ஒரு வளைவில் தண்டவாளமே தெரியாமல் மாவிலைச் சருகு. நான் சருகை எடுக்கப் போனேன். "இருப்பா, போகுதா பார்ப்போம்" என்று வராந்தா நாற்காலியிலிருந்தே மூடியைத் திருகினார். எஞ்சின் சருகை முட்டித் தள்ளிக்கொண்டு மறுபக்கம் வந்தது. அன்றைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஓட்டினார். காப்பி வந்து ஆறிப்போனது. பெரியம்மா வாசற்படியில் நின்று, "இதைப் பத்து வருஷம் முன்னாலேயே பண்ணக் கூடாதா" என்று கேட்டது என்னையா, அவரையா என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. அந்த வீடு அடுத்த வருஷம் இடிபடுகிறது. அடையாறில் தனி வீட்டுக்காரர்கள் பலரும் போகிற வழிதான். நாலு மாடி, எட்டுக் குடும்பம், மாமரம் இருக்காது. பழைய முறை என்றால் ரயில் கதை அங்கே முடிந்திருக்கும். இப்போது பாதையைச் சுருட்டி எடுத்துப்போய் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே போட்டால் ஓடும்; பிளக் பாயிண்ட் கூட வேண்டாம். பில்டரிடம் மொட்டை மாடியில் தன் பங்கு எவ்வளவு சதுர அடி என்று பெரியப்பா எழுதி வாங்கியிருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் படித்த ஒரே ஷரத்து அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது அவர் விசில் சத்தம் கேட்கிறார். டெண்டரில் ஒலிப்பெருக்கிக்கு இடம் இருக்கிறது. ஜெர்மன் நீராவி விசில் ரெடிமேடாகக் கிடைக்கும், அது வேண்டாமாம். பழைய தாம்பரம் யூனிட் வண்டியின் ஹாரன்தான் வேண்டுமாம். இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களில் யாரிடமாவது அந்தச் சத்தம் பழைய கேசட்டில் பதிவாகி இருந்தால், சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பாருங்கள். மாணவர்களில் யாராவது டெண்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், மேடைக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். கூரைக்கு நாலு கிளிப், மெதுவாக இழுத்தால் வரும்.